முகம் நல்லா விழுந்திருக்கா?

கலஹா டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இப்போது மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத, கெமரா வைத்திருக்கும் இளைஞர்கள் நிறையப் பேர். தெல்தோட்டையிலிருந்து ஹேவாஹெட்டை வரை கலியாணம், சடங்கு, கோயில் திருவிழா எதுவானாலும் அவர்கள்தான் போகிறார்கள். கெமராவில் ஏதாவது பிடிபடாவிட்டால் என்னிடம் வருவார்கள். வர முடியாதவர்கள் போனில் குரல் அனுப்புவார்கள். "மாமா, வானத்துல ஒரு கறுப்புப் புள்ளி, எல்லாப் படத்துலயும் ஒரே எடத்துல நிக்குது." "மாமா, ஸ்டூடியோ லைட் போட்டா வியூஃபைண்டர் இருட்டாயிருது." "பெட்டரி அரை நாள் தாங்க மாட்டேங்குது மாமா."

எழுபதுகளில் இதே டவுனில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடிப் பையனாக நின்றவன் நான். அன்று கெமராவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றேதான்: "முகம் நல்லா விழுந்திருக்கா?"

அழகாக விழுந்திருக்கிறதா என்று அவர்கள் கேட்கவில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். போவதானாலும் இருப்பதானாலும் விண்ணப்பம் வேண்டும். விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும். கொழுந்து மலையிலேயே ஆயுள் கழிந்த எத்தனையோ கிழவிகளுக்கு வாழ்க்கையில் எடுத்த முதல் படம் அதுதான். படம் மங்கலாக இருந்தால் மனு திரும்பிவிடும், திரும்பினால் குடும்பம் பிரிந்துவிடும் என்ற பயம் அந்தக் கேள்விக்குள் இருந்தது. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் மறுபடி வருவார்கள், இந்த முறை குடும்பமாக. போகிறவர்களும் இருக்கிறவர்களும் ஒன்றாக நின்று ஒரு படம் எடுத்து ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வார்கள். பிறகு தலைமன்னாருக்கு ரயில். அழுகைக் கோச்சி என்று மலையகமே அதற்குப் பெயர் வைத்தது.

ஸ்டூடியோ முதலாளியிடம் இருந்தது இரட்டை லென்ஸ் யாஷிகா. இடுப்புக்கு நேரே பிடித்து, குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். உருவம் இடம் வலமாக மாறித் தெரியும். ஒரு ரோலில் 12 படம். இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த 1970–77 காலம் அது. ரோலும் பேப்பரும் கண்டியிலிருந்து வந்து சேரும் நாளுக்காகக் காத்துக் கிடப்போம். ஆளுக்கு ஒரு ஷாட்தான். பன்னிரண்டும் முடிந்தால்தான் கழுவுவார். ஆகவே சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு வந்து உட்கார்ந்தவர், தன் கண் மூடியிருந்ததா திறந்திருந்ததா என்று அறிய அடுத்த ஞாயிறுவரை பொறுத்திருக்க வேண்டும். சுவரில் ஒரு கறுப்புக் கோட் தொங்கும். ஊரில் பாதி ஆண்களின் படத்தில் அந்த ஒரே கோட்தான் இருக்கிறது.

இன்றைய பிள்ளை ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே முடிவைப் பார்த்துவிடுகிறது. வெளிச்சம் கூடினால் கூடியது, குறைந்தால் குறைந்தது என்று வியூஃபைண்டருக்குள்ளேயே தெரிகிறது. முதலாளி இதைப் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். ஆனால் பிளாஷ் வைத்து எடுப்பவர்களை முதலில் தடுக்கி விழவைப்பதும் இதே வசதிதான். எஃப் 8, 160இல் ஒன்று என்று பிளாஷுக்காக வைத்த அளவில், அறையின் சாதாரண வெளிச்சம் போதாது. பிளாஷ் அடிக்கப்போகிறது என்பது வியூஃபைண்டருக்குத் தெரியாது. எனவே அது உண்மையையே காட்டுகிறது, இருட்டை. கெமரா பழுதில்லை. சோனியில் 'செட்டிங் எஃபெக்ட்' என்பதை ஆஃப் செய்ய வேண்டும். கெனனில் 'எக்ஸ்போஷர் சிமுலேஷன்' என்பதை நிறுத்த வேண்டும். பிளாஷே அடிக்கவில்லை என்றால் சத்தமில்லா எலெக்ட்ரானிக் ஷட்டரில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். பெரும்பாலான கெமராக்களில் இரண்டும் சேர்ந்து வேலை செய்யாது.

கறுப்புப் புள்ளி சென்சாரில் ஒட்டிய தூசி. பிலிம் காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் புதுப் பரப்பு வரும். தூசி விழுந்தால் அந்தப் படத்தோடு போகும். இப்போது வாழ்நாள் முழுக்க ஒரே பரப்பு. போதாததற்கு முன்னால் மறைத்து நின்ற கண்ணாடியும் இல்லை. பல கெமராக்களில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் நேராக வெளியே பார்க்கும். எங்கள் ஊரில் இதற்கென்று தனியாக ஒரு ஆபத்தும் உண்டு: தேயிலை இஸ்டோர். சலிப்பறையில் பறக்கும் தேயிலைப் பஞ்சு மெல்லிய நாராக எங்கும் படியும். அங்கே லென்ஸ் மாற்றவே கூடாது. ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே போய், அதையே மாட்டியபடி வெளியே வாருங்கள். மற்ற இடங்களில் கெமராவை நிறுத்திவிட்டு, வாய் கீழே பார்க்கும்படி பிடித்து மாற்றுங்கள். புள்ளி வந்துவிட்டால் எஃப் 16இல் வெறும் வானத்தைப் படமெடுத்துப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்து, ரப்பர் ஊதியால் ஊத வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் துளி போய் ஒட்டும். பிறகு ஈரத் துடைப்பான் இல்லாமல் போகாது.

பனி இன்னொரு பெரிய கேள்வி. லூல்கந்துர பக்கம் காலைப் பெரட்டு நேரத்தில் எடுத்த படங்களைக் கொண்டுவந்து, "எல்லாம் சாம்பல் நெறமா கெடக்கு, ஃபோகஸும் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுது" என்பார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட மலை அது. படமெடுக்க ஆசைப்பட்டு வராதவர் இல்லை. வெள்ளை மூட்டம் நிறைந்த சட்டகத்தைக் கண்டால் கெமராவின் அளவி அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். ஈடுகட்ட ஒரு படி கூட்டி வைக்க வேண்டும். ஃபோகஸுக்குக் கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் விளிம்பு தேவை. மூட்டத்தில் அது கிடைக்காது. ஒற்றைப் புள்ளி ஃபோகஸை எடுத்து, நெற்றியில் பட்டிருக்கும் கூடைக் கயிற்றின் ஓரத்திலோ மரக்கிளையிலோ வையுங்கள். பிடித்துக்கொள்ளும். முதலாளியிடம் அளவி கிடையாது. வெயிலடித்தால் 16, 125இல் ஒன்று. மேகம் வந்தால் 8. பனி இறங்கினால் 5.6 அல்லது 4. வாசலில் நின்று அந்தப் பக்கத்து மலையை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அந்த மலை மறைந்திருந்தால் எந்த அளவு, பாதி தெரிந்தால் எந்த அளவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பெட்டியோடு வரும் கையேட்டில் கலஹாவின் மலை இல்லை. இந்தப் பிள்ளைகள் என்னிடம் வருவதற்குக் காரணமே அதுதான். அந்த அறிவு முதலாளியோடு போய்விடக் கூடாது என்றுதான் நானும் சளைக்காமல் சொல்கிறேன்.

ஈரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பருவ மழையும் நனைக்கும் ஊர் இது. லயக் காம்பராவில் சுவரே வியர்க்கும், லென்ஸ் எம்மாத்திரம்? முதலாளி மர அலுமாரிக்குள் லென்ஸை வைத்து 15 வாட் பல்பு ஒன்றை இரவும் பகலும் எரியவிட்டிருப்பார். அந்தப் பல்புக்கு மட்டும் கரண்ட் கணக்குப் பார்க்கமாட்டார். இன்று அத்தனை பணம் போட்டுக் கெமரா வாங்கியவர்கள் அதைக் கொடுத்த பையிலேயே போட்டு அலுமாரிக்கு மேல் வைக்கிறார்கள். பஞ்சும் துணியும் உள்ள பை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பூஞ்சணத்தை வளர்க்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், சின்னதாக ஓர் ஈரப்பத மானி, இவை மூன்றும் போதும். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். நீல மணி ரோஸ் நிறமானால் இளஞ்சூட்டில் சட்டியில் போட்டு, பழைய நிறம் வரும்வரை வறுத்துத் திரும்பப் போடலாம். அந்தச் சட்டியில் பிறகு சமைக்க வேண்டாம். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அரிசித் தூள் லென்ஸ் வளையத்துக்குள் போனால் எடுக்க ஆளில்லை. இன்னொன்று: விடியற்காலைக் குளிரில் எடுத்துவிட்டு இஸ்டோரின் சூட்டுக்குள் போகும்போது கண்ணாடியில் நீர் பூக்கும். பையை மூடியபடியே கொண்டுபோய், கெமரா அந்தச் சூட்டுக்குப் பழகிய பின் திறவுங்கள்.

பெட்டரிக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. பழைய கெமராவில் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சத்தைக் கண் இலவசமாகப் பார்த்தது. இதில் சென்சாரும் திரையும் விழித்திருக்கும் நேரமெல்லாம் மின்சாரம் போகும். 2013இல் வந்த முதல் சோனி ஏ7க்கு ஒரு பெட்டரியில் கிட்டத்தட்ட 340 படம் என்றுதான் கணக்குக் கொடுத்தார்கள். புளூடூத்தை நிறுத்துங்கள், திரை தானாக அணையும் நேரத்தைக் குறையுங்கள், கலியாணத்துக்கு மூன்று பெட்டரியாவது கொண்டுபோங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது, யூஎஸ்பி வழியாகப் பவர் பேங்கில் ஏறும் கெமரா வைத்திருந்தவர்கள்தான் தப்பினார்கள்.

மாசியில் காமன் கூத்து வந்தால் எனக்குக் குரல் செய்திகள் குவியும். என் சிறுவயதுக் காமன் கூத்துக்கு ஒரு படம்கூட இல்லை. ரதியும் மதனும் ஆடியது தீப்பந்த வெளிச்சத்திலும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும். முதலாளியின் பிலிமுக்கு அது போதாது. ஒரு முறை எரிந்து தீரும் பிளாஷ் பல்பை இரவுக் கூத்துக்குச் செலவழிக்க அவரிடம் காசில்லை. யார் எப்படி வேடம் கட்டினார், வீரபத்திரன் எப்படி இறங்கினார், எமன் எப்படி வந்தார் என்பதெல்லாம் பார்த்தவர்களின் பேச்சில் மட்டுமே இருந்து, அவர்கள் போகப் போகக் குறைந்துவிட்டது. இன்று ஐஎஸ்ஓ 6400இல் நள்ளிரவும் தெளிவாக விழுகிறது. இதைவிடப் பெரிய கொடுப்பினை எங்கள் கூத்துக்கு வந்ததில்லை. ஆனால் தீப்பந்தம் இருந்த இடத்தில் எல்ஈடி வந்திருக்கிறது. ஆட்டத்தைக் கெடுக்கக் கூடாதென்று பிள்ளைகள் சத்தமில்லா ஷட்டரில் எடுக்கிறார்கள். படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு விழுகிறது.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் மலிவான விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். எலெக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிப்பதால், கூடிய நேரத்து வரி வெளிச்சமாகவும் குறைந்த நேரத்து வரி இருட்டாகவும் பதிகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்று வையுங்கள், பெரும்பாலும் தீரும். சப்பரத்தில் ஓடும் வண்ண விளக்குகள் வேறு வேகத்தில் துடிப்பவை. அதற்கு ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பட்டை மறையும் இடத்தைத் தேட வேண்டும். கண்டிப் பெரஹராவில் மின்விளக்குச் சோடித்த யானைக்கும் இதே வைத்தியம்தான். தப்புக் குச்சி வில்லாக வளைந்து விழுவதற்கும் காரணம் அந்த வரி வாசிப்பே. மெக்கானிக்கல் ஷட்டரில் குச்சி நேராகும். கண் கண்டறியும் ஃபோகஸ் அரிதாரம் பூசிய முகத்தில் திணறினால் அதை நிறுத்திவிட்டு ஒற்றைப் புள்ளியைக் கிரீடத்துக்குக் கீழே வையுங்கள். எமனின் முகத்தை முகமென்று அடையாளம் காண அந்த மென்பொருளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

நிறத்தைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். கலியாணப் பந்தலுக்கு நீலத் தறப்பாள் கட்டுகிறார்கள். அதன் கீழே மணப்பெண்ணின் முகம் நீலமாக விழுகிறது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றால் கன்னத்தின் அடிப்பக்கம் பச்சையாகிறது. ஒரு வெள்ளைத் தாளை அதே இடத்தில் பிடித்து வைட் பேலன்ஸைக் கையால் வைத்தால் இரண்டும் சரியாகும். செய்ய அரை நிமிடம் போதும். அதைச் செய்யாமல், வீட்டுக்குப் போய்க் கணினியில் முகத்தை வெளுக்க வைக்கிறார்கள். வெயிலிலும் மழையிலும் நின்று கறுத்த முகம் அது. அந்தக் கறுப்பை அழிக்க யாருக்கும் உரிமை கிடையாது. முதலாளியிடமும் பவுடர் டப்பா இருந்தது, நெகட்டிவில் பென்சிலால் தழும்பை மறைக்கவும் செய்வார். அதற்காகவே அவரைத் தேடி வந்தார்கள். இன்று அடையாள அட்டைப் படத்துக்கு அதே வேலையைச் செய்தால் படம் திரும்பும். 2017இல் புதிய அட்டை வந்ததிலிருந்து சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் தரத்தில் படம் கேட்கிறார்கள்: கண் திறந்து, முகம் நேராக, நிழல் இல்லாமல், கைவேலை இல்லாமல். கறுத்த முகத்துக்குப் பின்னால் வெளிர்ச் சுவர் இருந்தால் கெமரா சுவரைப் பார்த்து முகத்தை இருட்டாக்கும். முகத்தை மட்டும் அளந்து எடுங்கள். ஆளைச் சுவரிலிருந்து ஓரிரு அடி முன்னால் உட்கார வையுங்கள், நிழல் பின்னால் விழாது. இது எனக்கு வெறும் தொழில் விஷயமாகத் தோன்றுவதில்லை. அடையாள அட்டை இல்லாமல் யுத்த காலத்துச் சோதனைச் சாவடிகளில் பிடிபட்ட தோட்டத்து இளைஞர்களின் காலத்தை நான் கண்டிருக்கிறேன்.

இவ்வளவுக்கும் நடுவில் சந்தோஷமாக வரும் ஒரு கேள்வி உண்டு. வீட்டுப் பெட்டியில் மாமாவின், பெரியப்பாவின் பழைய லென்ஸைக் கண்டெடுத்து, "இது என் கெமராவுல மாட்டுமா?" என்று கேட்பார்கள். மாட்டும். கண்ணாடி இருந்த கெமராவில் லென்ஸின் வாய்க்கும் பிலிமுக்கும் நடுவே அந்தக் கண்ணாடி அசைய இடம் வேண்டும். பென்டாக்ஸில் அது 45.46 மில்லிமீட்டர். சோனியில் இப்போது 18, நிகான் இசட்டில் 16 மட்டுமே. மிச்ச இடைவெளியை ஒரு வெறும் உலோக வளையம் நிரப்பிவிடுகிறது. மஸ்கட்டில் வேலை செய்து வந்தவர் எண்பதுகளில் கொண்டுவந்த பென்டாக்ஸ் கே1000இன் 50 மில்லிமீட்டர் லென்ஸ் இன்று தெல்தோட்டைக் கலியாணங்களில் மறுபடி வேலை செய்கிறது. உடல் பழுதாகிப் போன பின்னும் லென்ஸுக்கு இரண்டாவது ஆயுள். 'லென்ஸ் இல்லை' என்று கெமரா மறுத்தால், லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழட்டும் என்ற தேர்வை மெனுவில் திறக்க வேண்டும். சென்சார் அசைந்து நடுக்கம் தடுக்கும் கெமராவானால் 50 என்ற எண்ணைக் கையால் கொடுக்க வேண்டும். ஃபோகஸ் பீக்கிங்கை எடுத்தால் தெளிவான விளிம்புகள் நிறத்தில் மின்னும். வயதான என் கண்ணுக்கே அது போதுமானதாக இருக்கிறது. சின்ன சென்சார் உள்ளதில் அந்த 50 ஏறத்தாழ 75 போலத் தெரியும், முகத்துக்கு அருமையான அளவு. ஓரத்தில் லேசாகப் பூஞ்சணம் இருந்தால் கலங்க வேண்டாம். எதிர் வெயிலில் மட்டும் கொஞ்சம் வெளிறும்.

கார்ட் விஷயத்தில் என் மனம் அமைதியாகவே இருப்பதில்லை. போன வருடம் ஒரு கலியாணப் படம் முழுதும் வாசிக்க முடியாத கார்டோடு ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தான். அதற்கு மேல் ஒரு படமும் அதில் எடுக்கவில்லை என்பதால் மீட்பு மென்பொருளில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. கார்டைக் கணினியில் அழிக்காமல் கெமராவிலேயே ஃபார்மெட் செய்யுங்கள், சிவப்பு விளக்கு மின்னும்போது இழுக்காதீர்கள், விலை குறைவென்று போலிக் கார்ட் வாங்காதீர்கள், இரண்டு பொந்து இருந்தால் இரண்டிலும் பதியுங்கள். அதோடு, பிரிண்ட் போடுங்கள். 1974இல் முதலாளி ஹைப்போவில் நன்றாக ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் கழுவிய கறுப்பு வெள்ளைப் படங்கள் டிரங்குப் பெட்டிகளில் இன்றும் கூர்மையாக இருக்கின்றன. எண்பதுகளில் வந்த கலர்ப் படங்கள் சிவந்து வெளிறிவிட்டன. பத்து வருடத்துக்கு முந்திய கலியாணங்கள் பலவற்றுக்குக் கையில் எடுத்துப் பார்க்க ஒன்றுமே இல்லை. எந்த ஹார்ட் டிஸ்கில் இருந்தது, அது யாரிடம் போனது என்பதும் தெரியாது.

"கெமரா ஒவ்வொரு தடவையும் தேதி கேக்குது மாமா" என்பதைப் பலர் சில்லறைத் தொல்லையாக நினைத்து, ஏதோ ஒரு தேதியை அழுத்திவிட்டுப் போகிறார்கள். கடிகாரத்துக்கென்று உள்ளே இருக்கும் சின்ன பெட்டரி இறங்கியிருக்கும். முழுதாகச் சார்ஜ் ஏறிய பெட்டரியைப் போட்டு ஓரிரு நாள் கழற்றாமல் விட்டால் அது ஏறிக்கொள்ளும். தேதியைச் சரியாக வைக்கும்படி நான் மல்லுக்கட்டுவதற்குக் காரணம் உண்டு. சார்ள்ஸ் ஸ்கோவன் 1870களில் கண்டியில் ஸ்டூடியோ வைத்துத் தோட்டங்களைப் படமெடுத்தார். ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற பெரிய கலைஞர் தன் கடைசி வருடங்களை இந்த நாட்டில் கழித்து, 1879இல் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். அவரும் இங்குள்ள உழைப்பாளிகளைப் படமெடுத்தார். அந்தக் காலத்துப் படங்களில் துரைமாருக்குப் பெயர் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்குக் கூலி, கொழுந்து பறிப்பவள் என்று தொழில் மட்டும் இருக்கிறது. எந்த ஊர், யார் மகள் என்று கேட்டு எழுத ஒருவரும் இல்லை. இனி எடுக்கும் படமும் அப்படி விவரமில்லாமல் போய்விடக் கூடாது.

போன மாசி மாதம் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தது. பல்கலைக்கழகத்தில் படிக்கிறது, சொந்தமாகச் சின்ன கெமரா. தன் டிவிசனில் கொழுந்தெடுக்கும் எல்லாரையும் படமெடுத்து வைத்திருக்கிறது. "மாமா, படத்துக்குள்ளேயே பேரை எழுதி வைக்கணும். தமிழ்ல எழுதினா கெமரா ஏத்துக்குமா?" என்று கேட்டது. கெமராவுக்குள் உள்ள கொப்பிரைட் கட்டத்தில் ஏற்காது, அது ஆங்கில எழுத்தைத்தான் வாங்கும். கணினியில் படத்தின் விவரக் குறிப்பைத் திறந்து 'கேப்ஷன்' என்ற இடத்தில் தமிழிலேயே எழுதலாம். கோப்பு எங்கே போனாலும் பெயர் கூடவே போகும். ஆனால் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் ஏற்றி இறக்கினால் அந்தக் குறிப்பு கழன்றுவிடக்கூடும், ஆகவே மூலக் கோப்பைத் தனியே இரண்டு இடத்தில் வை. பிரிண்டின் பின்னாலும் எழுது. மை பேனா வேண்டாம், ஈரத்தில் ஊறி முன்பக்கம் வந்துவிடும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் எழுது: முழுப் பெயர், அப்பா அம்மா பெயர், தோட்டம், டிவிசன், தேதி.